ஓடாத காரின் பிரேக்

வீட்டு ஷெட்டில் மூன்று வருடமாக நின்றுகொண்டிருக்கும் மாருதி 800. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க யாருக்கும் மனமில்லை. விடுமுறைக்கு வந்த மகன் புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்புகிறார். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். தெருமுனை வரை ஒரு சுற்று போய்வரலாம் என்று கிளம்புகிறார். முதல் திருப்பத்தில் மிதித்த பெடல் தரை வரை இறங்குகிறது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஒரு வழியாக ஓரம் கட்டுகிறார்.

பழைய கார் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இது பழகிப்போன காட்சி. இன்ஜின் ஓடினால் வண்டி நன்றாக இருக்கிறது என்று உரிமையாளர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் நின்ற வண்டியில் இன்ஜினை விட வேகமாகக் கெடுவது பிரேக். ஓடும் வண்டியில் உராய்ந்து நிறுத்தும் லைனிங்கும் பேடும் தேய்கின்றன. நிற்கும் வண்டியில் திரவம் ஈரம் கோக்கிறது, ரப்பர் இறுகுகிறது, இரும்பு துருவேறுகிறது. தேய்மானம் சத்தம் போட்டு எச்சரிக்கும். மற்ற மூன்றும் பெடல் இறங்கும் நாள் வரை வாயே திறக்காது.

பழைய காரின் பிரேக்கைப் பழுது பார்ப்பதா, மொத்தமாக மாற்றுவதா என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தியாவில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அந்தச் சோதனைக்காக வண்டியைத் தயார் செய்யும்போது பெரும்பாலோர் பெயிண்டையும் டயரையும் புகையையும் கவனிக்கிறார்கள். பிரேக்குக்கு நான்கு ஷூ, நான்கு பேட், கொஞ்சம் ஆயில் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கு போதுமானதா என்று பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று வண்டிகள், மூன்று காலம்

இன்று நம் சாலைகளில் பழைய கார் என்றால் மூன்று பெயர்கள் முதலில் வரும். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதியில் பிறந்து, 2014 மே மாதத்தில் தயாரிப்பு நின்ற அம்பாசடர். ஃபியட் 1100-இன் வழிவந்து, பம்பாயின் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி. 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறி, 2014 ஜனவரியில் விடைபெற்ற மாருதி 800. இந்த மூன்றின் பிரேக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், உலகம் அரை நூற்றாண்டில் கற்றுக்கொண்ட பாடம் தெரிந்துவிடும்.

அம்பாசடரும் பத்மினியும் நான்கு சக்கரங்களிலும் டிரம், அதாவது சுழலும் உருளையின் உட்புறத்தில் லைனிங் ஒட்டிய ஷூ அழுந்தும் பிரேக், கொண்டு வளர்ந்தவை. டிரம் பிரேக்கைக் காருக்கு ஏற்ற வடிவில் 1902-இல் கொண்டுவந்தவர் பிரான்சின் லூயி ரெனோ. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர், சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பரவலாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் முன்சக்கர டிஸ்க்கைப் பெருமளவு தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. மாருதி 800 முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற ஏற்பாட்டை நம் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் முறை 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டறிந்த விதிதான் அதன் அடிப்படை. அந்த விதியிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. நான்கு சக்கரங்களும் ஒரே இணைப்பில் இருந்தால், ஒரு ஹோஸ் வெடித்தால் போதும்; நான்கிலும் அழுத்தம் போய்விடும். பழைய அம்பாசடர், பத்மினி பலவற்றில், பெடலின் மிதியைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் இந்த ஒற்றை இணைப்பு வகைதான். பின்னால் வந்த கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனி அறைகள். ஒன்று போனாலும் மற்றொன்று பாதி பிரேக்கையாவது காப்பாற்றும். தன் காரில் இருப்பது ஒற்றையா இரட்டையா என்று அறியாமல் பழைய வண்டியை ஓட்டுவது ஏற்றுக்கொள்ள முடியாத அலட்சியம். தலைக்கவசம் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்த ஒரு தகவல்.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. டி.வி.எஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் பாடியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தன. நாட்டின் கார், பஸ், லாரிகளை நிறுத்தும் பொருள்களில் பெரும்பங்கு வடமேற்குச் சென்னையின் சில கிலோமீட்டர் சுற்றளவில் உருவானது. பழைய அம்பாசடருக்கு இன்றும் நம் ஊரில் லைனிங் கிடைப்பதற்கு அந்தத் தொழில் மரபும் ஒரு காரணம்.

அரை லிட்டர் கொதிநீர்

பிரேக் செய்யும் வேலையை ஒரே சொல்லில் சொன்னால் சூடாக்குவது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வால் வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 139 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் 80 ஆனால் வெப்பம் 247 கிலோஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

சமவெளியில் ஒரு தடவை நிறுத்திவிட்டு அடுத்த சிக்னல் வரை போவதற்குள் டிரம் ஆறிவிடும். மலையில் அதற்கு அவகாசம் இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் வளைவுகள் 36 மட்டும்தான். ஆனால் சரிவு செங்குத்து. அங்கே பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளால் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு வந்தது. ஒரு வளைவில் சூடான டிரம் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

சூடு ஏறும்போது டிரம்மில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. லைனிங்கின் பிடிப்பு குறைகிறது. இரும்பு டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. அதனால் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இன்ஜின் வண்டியைப் பிடித்துவைத்தால் டிரம்முக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

ஆனால் மலையில் பெடல் திடீரென்று பஞ்சு போலாகித் தரைக்கு இறங்குவதற்கு லைனிங் காரணமாக இருப்பதில்லை. திரவம் கொதித்திருக்கிறது என்று பொருள்.

'பிரேக் ஆயில்' என்ற பெயர்

நம் ஊரில் எல்லோரும் 'பிரேக் ஆயில்' என்றே சொல்கிறோம். அந்தப் பெயரே சில வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. அது எண்ணெயே அல்ல; பெரும்பாலான கார்களில் கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். ஆயில்தானே என்று இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் ஊறிப் பெருத்து சிக்கிக்கொள்ளும். திரவத் தொட்டியின் மூடியைத் திறக்கும்போது அதன் உள்ரப்பர் பெருத்துத் திரும்பப் பொருந்த மறுத்தால், யாரோ தப்பான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு திரவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசி ஹோஸ் வரை ரப்பர் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டும்.

கிளைக்கால் திரவத்தின் குணம் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம். டாட் 3 தரத்துக்கு ஈரமில்லாத நிலையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் குறைந்தது 140. டாட் 4-க்கு இவை 230, 155. புதிதாக ஊற்றும்போது 200 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காத திரவம், சில வருடம் வண்டியிலேயே கிடந்தபின் 140-லேயே கொதித்துவிடலாம். திரவத்தை அமுக்க முடியாது. ஆவியை அமுக்க முடியும். குழாய்க்குள் ஆவிக்குமிழ் உருவான கணத்தில் காலின் வலிமை முழுவதும் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. வண்டி ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். விபத்துக்குப் பிறகு சோதித்தவர்கள் 'பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லக் காரணம் இதுதான்.

ஆகவே ஓடிய தூரம் எவ்வளவு என்றாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரவத்தை மாற்றிவிடுவது பொதுவான நடைமுறை. டாட் 3 கேட்கும் பெரும்பாலான வண்டிகளில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிகான் வகை. மற்றதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 மறுபடியும் கிளைக்கால் வகை. எண்ணைப் பார்த்து ஒன்றின் உயர்ந்த வடிவம் மற்றொன்று என்று நினைத்துவிடக் கூடாது. திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த வருடத்துக்குப் பத்திரப்படுத்துவதும் வீண் சிக்கனம். மூடி திறந்த நாளிலிருந்து அதுவும் ஈரம் குடிக்கத் தொடங்கிவிடுகிறது.

ரப்பரின் வயது

பழைய காரின் பிரேக்கில் மிகவும் ஏமாற்றும் பொருள் ரப்பர். மாஸ்டர் சிலிண்டரில் கப் வாஷர், டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் வாஷரும் தூசி மூடியும், டிஸ்க்கில் பேடை அழுத்தும் கேலிப்பரில் சதுர சீல், சக்கரம் திரும்புவதற்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் ஹோஸ்கள் என்று ஒரு சிறிய காரில்கூட ஒரு டஜனுக்கு மேல் ரப்பர் உறுப்புகள் உண்டு. அவற்றின் மொத்த விலை ஒரு டயருக்குக்கூட வராது.

ஹோஸ் செய்யும் குறும்பைப் பல மெக்கானிக்குகளே தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வெளியே பார்த்தால் கறுப்பாக, முழுதாக இருக்கும். உள்சுவர் வீங்கிக் குறுகியிருக்கும். மிதிக்கும் அழுத்தம் உள்ளே போய்விடும், திரும்ப வராது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ரிம் சூடாகும். கேலிப்பர் சிக்கிவிட்டது என்று கேலிப்பரை மாற்றுவார்கள். ஒரு வாரத்தில் அதே தொல்லை மறுபடி. சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகான வீல் நிப்பிளைத் திறந்தால் அழுத்தம் வெளியேறிச் சக்கரம் சுற்றத் தொடங்கும். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பைப்பைத் தளர்த்தினாலும் சக்கரம் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால், பெரும்பாலும் கோளாறு ஹோஸில்தான்.

பட்டறைப் பழக்கங்களும் ரப்பரைக் கொல்கின்றன. கழற்றிய உறுப்புகளைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது இன்ஜின் வேலைக்குச் சரி. பிரேக் ரப்பருக்கு நஞ்சு. அதற்குப் புது பிரேக் திரவமே கழுவும் திரவம். கேலிப்பர் பின்னுக்குச் சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவினால் சில மாதத்தில் ரப்பர் வீங்கிப் பின் இறுகிவிடும். சிலிகான் கிரீஸ்தான் தேவை. இப்படிப் பழைய காரில் 'வாஷர் கிட் போட்டும் நிற்கவில்லை' என்று வரும் புகார்களில் குறை பல நேரம் கிட்டில் இல்லை. அதைக் கழுவிய தட்டில் இருக்கிறது.

எதைத் திருத்தலாம், எதை மாற்ற வேண்டும்

கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில்தான் துலங்குகிறது. பிரேக்கின் உறுப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம். அளவுகோலை வைத்து நிலையை அளக்கக்கூடியவை ஒரு வகை: டிரம், டிஸ்க், ஷூவின் இரும்புச் சட்டம், சிலிண்டரின் உள்சுவர். இவற்றைத் திருத்தலாம். நிலையை அளக்க வழியில்லாதவை மற்றொரு வகை: ரப்பர், திரவம், உள்ளே துருவேறிய குழாய். இவற்றை வயதைப் பார்த்தே மாற்றிவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பளபளக்கும் புது டிஸ்க் வாங்கிவிட்டு, 20 வருட ஹோஸை 'இன்னும் வெடிக்கவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

டிரம்மை எடுத்துக்கொள்வோம். உள்ளே கோடு விழுந்திருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்து லேத்தில் சீராக்கலாம். எவ்வளவு வரை கடையலாம் என்ற உச்ச அளவு பல டிரம்களின் விளிம்பில் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டினால் டிரம் மெலிந்து, சூட்டில் விரிந்து, விரிசல் விடலாம். கடைந்த டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிடுவதால் புது ஷூ முதலில் நடுவில் மட்டும் தொடும். லைனிங்கின் வளைவை டிரம்மோடு பொருத்தித் தேய்த்துக் கொடுக்கத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. அப்படி ஒருவர் அருகில் இருந்தால் விட்டுவிடக் கூடாது.

பழைய ஷூவில் புது லைனிங் வைத்து ரிவிட் அடிப்பது நம் ஊர்களில் நீண்ட காலமாக நடக்கும் நல்ல வேலை. இரும்புச் சட்டம் நேராக இருந்தால் அதில் தப்பில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் ஒரே கம்பெனியின் ஒரே ரக லைனிங் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின் ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தால், சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது பணத்தைச் சாக்கடையில் போடுவது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கொளுத்தி, தேய்த்து மறுபடி போடும் பழக்கமும் கைவிட வேண்டியது. சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வந்துவிடும்.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்தால் ஒரே நிமிடத்தில் முடிவு தெரியும். பேடில் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றுவது எப்போதும் ஓர் அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே.

வீல் சிலிண்டரில் வாஷர் கிட் போடலாமா, சிலிண்டரையே மாற்றலாமா என்பது நாள்பட்ட விவாதம். சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, உள்சுவரை வெளிச்சத்தில் பார்ப்பதே வழி. வாஷர் ஓடும் இடம் வழுவழுப்பாக இருந்தால் கிட் போதும். தண்ணீர் தங்கும் அடிப்பகுதியில் சின்னச் சின்னப் பள்ளம் தெரிந்தால் கிட் போட்டும் கசியும். உள்சுவரை உரசிச் சீராக்கும் மெல்லிய ஹோனிங்கில் போகும் கறை வேறு, பள்ளம் வேறு. இன்று மாருதி 800-க்குப் புது வீல் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கும்போது பள்ளம் விழுந்ததைக் காப்பாற்ற முயல்வதில் அர்த்தமில்லை. புதுச் சிலிண்டரே கிடைக்காத அரிய வண்டிகளுக்கு வேறு வழி உண்டு: சிலிண்டரைக் குடைந்து பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஸ்லீவ் ஏற்றிப் பழைய உள்வட்ட அளவுக்கே கடைவது. உலகெங்கும் பழைய கார் காப்பவர்கள் செய்வது இதுதான். துல்லியமான கடைசல் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டியது.

மாஸ்டர் சிலிண்டரைச் சோதிக்கப் பணம் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நன்றாக மிதித்து அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே எங்கும் கசியாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினால், உள்ளே வாஷரைத் தாண்டி அழுத்தம் நழுவுகிறது. இன்ஜினின் வெற்றிடத்தால் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்னொரு சோதனை: இன்ஜின் ஓடாதபோது நான்கைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ வால்விலோ கோளாறு.

இரும்பு பிரேக் பைப்புகளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கிளிப் பிடிக்கும் இடங்களிலும் மண் ஒட்டும் வளைவுகளிலும்தான் துரு முதலில் தின்னும். துருவேறிய ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதை விட முழு நீளத்தையும் மாற்றுவது நல்லது. ஏ.சி. வேலைக்கு வைத்திருக்கும் செம்புக் குழாயை பிரேக்குக்குப் போட்டுவிடுவதும் நடக்கிறது. அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கென்று செய்த குழாய், முனையில் சரியான இரட்டை மடிப்பு, அதற்குரிய நட்டு, இம்மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும்.

புதுப்பேட்டை பக்கம் போனால்

சென்னை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை, பழைய கார் உறுப்புகளின் பெரிய சந்தை. தயாரிப்பு நின்று பல ஆண்டான வண்டிக்குக்கூட ஏதாவது ஒரு கடையில் கதவோ டிரம்மோ கிடைக்கும். பிரேக்கைப் பொறுத்தவரை அங்கே வாங்கக்கூடியதும் கூடாததும் முன்பு சொன்ன பிரிவினையின்படியே அமையும். டிரம், ஷூவைத் தாங்கும் பின்தட்டு, கேலிப்பர் சட்டம், பெடல் கட்டமைப்பு ஆகியவற்றை அளந்து பார்த்துப் பழையதாகவே வாங்கலாம். ஹோஸ், வாஷர், பேட், ஷூ ஆகியவற்றைப் புதிதாக, கம்பெனிப் பெட்டியில், பில்லோடு வாங்குவதே சரி. அச்சு மங்கிய அட்டைப்பெட்டி, பெயரில் ஓர் எழுத்து மாறிய பிராண்டு, நம்ப முடியாத தள்ளுபடி ஆகிய மூன்றும் போலிச் சரக்கின் அடையாளங்கள். காரின் மற்ற இடங்களில் டூப்ளிகேட் பொருள் சீக்கிரம் கெடும், அவ்வளவுதான். பிரேக்கில் அது முதல் அவசர மிதியிலேயே தெரியும்.

டிஸ்க் மாற்றலாமா?

அம்பாசடர், பத்மினி பிரியர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி, முன்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா என்பது. ஆசை நியாயமானது; பிற்கால அம்பாசடர்களிலேயே முன்சக்கர டிஸ்க் வந்துவிட்டது. ஆனால் வேறு வண்டியின் டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டுவதோடு வேலை முடியாது. டிரம்மில் சுழற்சியே ஷூவை இழுத்து இறுக்கி உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, அதனால் அதிக அழுத்தம் வேண்டும், பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு உண்டு. டிஸ்க்கோடு சேர்ந்தால் பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் விசை பிரியும் விகிதமும் மாறிவிடும். பின்சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொண்டால் மழைச் சாலையில் வண்டி பம்பரமாகச் சுழலும்.

சட்டமும் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்தபோதும் அசல் வடிவம் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே டிஸ்க்கைப் பற்றி யோசிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அசலா, பாதுகாப்பா என்ற இழுபறியில் நடுவழி ஒன்று உண்டு. ஒற்றை இணைப்பு வண்டிக்கு முதலில் செய்ய வேண்டிய மேம்பாடு டிஸ்க் அல்ல; தகுதியான ஆள் கையால் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். வெளித்தோற்றம் ஏறக்குறைய மாறாது, அபாயம் பெருமளவு குறையும். அதுவும் முடியாதவர்களுக்கு, நல்ல லைனிங்கோடு சரியாக அட்ஜஸ்ட் செய்த அசல் டிரம், வண்டியின் அசல் வேகத்துக்குப் போதுமானதாகவே இருக்கும். குறைபாடு பெரும்பாலும் டிரம் என்ற கண்டுபிடிப்பில் இல்லை. ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைப் பல வருடமாக யாரும் தொடாததில் இருக்கிறது.

வேலை நடக்கும்போது

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதித் தள்ளுவது நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோயாக வெடிக்கலாம். பழைய வண்டியின் டிரம் தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் மெக்கானிக்கின் உயிருக்கும் உதவி செய்கிறார். வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

'ஏர் எடுப்பது', அதாவது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, அடுத்த முக்கிய வேலை. வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வருவார்கள். வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு எச்சரிக்கை: ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை அழுத்தினால், பல வருடமாக வாஷர் போகாத துருப்பகுதியின் மேல் அது ஓடிக் கிழிந்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் போய்விட்டது என்ற புதிர் இப்படித்தான் உண்டாகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வது பழைய கைகளின் தந்திரம்.

எல்லாம் முடிந்தபின் உடனே நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. புது பேடும் லைனிங்கும் டிஸ்க்கோடும் டிரம்மோடும் பழக வேண்டும். ஆளில்லாத சாலையில் 50 வேகத்திலிருந்து 20 வரை மிதமாக இருபது முப்பது முறை குறைத்து, இடையிடையே ஆறவிட்டால் போதும். கடைசியில் கைகளை ஸ்டியரிங்கில் லேசாக வைத்து ஒரு தடவை நன்றாக மிதித்துப் பார்த்தால், வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரியும்.

மறுபடியும் அந்த மாருதி 800-க்கு வருவோம். அதற்கு என்ன செய்ய வேண்டும்? பட்டியல் நீளமில்லை. திரவம், முன் ஹோஸ் இரண்டு, பின்சக்கர ஹோஸ், நான்கு சக்கரத்து ரப்பர் உறுப்புகள், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவை யோசிக்காமல் புதிதாக. பைப்புகள் தடவிப் பார்த்துத் தேவைப்பட்டால். டிரம்மும் டிஸ்க்கும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அப்படியே. வருடக்கணக்கில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே விட்டால் கேபிள் துருவேறலாம், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த முறை நிறுத்திவைக்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்து, கியரில் விட்டால் அந்தத் தொல்லை இருக்காது.

வேலை முடிந்ததும் கிளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு போட்டுவைக்க வேண்டும். ஹோஸ் மாற்றிய தேதி, திரவம் ஊற்றிய தேதி, அதன் தரம், மாஸ்டர் சிலிண்டர் போட்ட தேதி. கிலோமீட்டரை மீட்டர் காட்டிவிடும். ரப்பரின் வயதைக் காரில் எந்தக் கருவியும் காட்டாது. அடுத்த விடுமுறைக்கு வரும் மகனோ, அவரிடமிருந்து வண்டியை வாங்கப்போகிறவரோ, சாவியைத் திருப்புவதற்கு முன் அந்த நோட்டைத் திறந்து பார்க்க முடியும்.